வல்லூறு மார்க் மீசைக்காரி

திஸாஹலோம் ஊரின் கனவான்கள் ஏழு வருஷம் ஒரு பெண்ணின் முகச்சாயலைத் தங்கள் மூக்குக்குக் கீழே வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள். மெழுகு தடவி, சீவி, முறுக்கி, படுக்கும்போது கலையாமலிருக்க அதற்கென்று ஒரு துணிப்பட்டி கட்டி, பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று கேட்டால் மட்டும் அதே மீசையைத் தடவிக்கொண்டு, "அதுக்கெல்லாம் ஒரு ஆம்பளைக் களை வேணும்" என்பார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ரோனாய் எடெல்கா. மாவட்ட ஆவணக் காப்பாளரின் மகள். புதாபெஸ்டில் மூன்று வருஷம் ஓவியம் படித்தாள். பள்ளியில் ஆண் உருவத்தை நேரே பார்த்து வரையும் வகுப்பு ஒன்று உண்டு. அதன் கதவு பெண்களுக்குச் சாத்தியே இருக்கும். கற்பு கெட்டுவிடக் கூடாதல்லவா? அதற்குப் பதிலாகக் கிரேக்க வீரர்களின் பிளாஸ்டர் சிலைகளைக் கொடுத்தார்கள். அவற்றிலும் பார்க்கக் கூடாத இடத்தில் ஓர் இலை. மூன்று வருஷ முடிவில் எடெல்கா இலை வரைவதில் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டாள்.

படிப்பு முடிந்த வருஷமே அப்பா இறந்துபோனார். அவர் விட்டுப் போனவை மூன்று: ஒரு கறுப்புக் கோட், ஒற்றை ஆணியில் சாய்ந்து தொங்கும் ஒரு கண்ணாடி, ஐந்து வயது இளைய தம்பி கொர்னெல். மூன்றில் கண்ணாடி ஒன்றுதான் நிமிர்ந்து நிற்க முயற்சியாவது செய்தது. கொர்னெல் நல்ல பையன். கதவு தானாகச் சாத்திக்கொண்டால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பான்.

1906இல் மருந்துக்கடை மதுலா எடெல்காவைத் தேடி வந்தார். புதிதாக மீசை மெழுகு தயாரித்திருந்தார். பெயர் வல்லூறு மார்க்.

"டப்பா மேல ஒரு கனவான் படம் வேணும், எடெல்கா. பொம்பளைங்க பாத்தா மயங்கணும், ஆம்பளைங்க பாத்தா வாங்கணும்."

"யாரைப் பார்த்து வரையறது?"

"யாரையாவது உக்கார வையேன். ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். ஆனால் கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு எதிரே ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவள் தன்னைக் கண்கொட்டாமல் பார்க்கும்படி விட்டால், திஸாஹலோமில் அதற்கு அடுத்த படி மோதிரம். தபால்காரரின் மகனை எடெல்கா வாய்தவறிக் கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் அவனுடைய அம்மா சீர்வரிசை பேச வந்துவிட்டாள். அவளைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, எடெல்கா அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டாள். பாட்டில் தக்கை ஒன்றை அடுப்பில் கருக்கி, மேலுதட்டில் மீசை இழுத்தாள். சாய்ந்த கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தன்னையே வரைந்தாள்.

கண்ணாடி சாய்ந்திருந்ததால் மீசையின் இடது முனை வலதைவிட ஒரு கோதுமை மணி அளவு உயர்ந்துவிட்டது. அந்தக் கோணலில்தான் ஊர் விழுந்தது. கனவான்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு சவரக்கடைக்கு ஓடி, "இதே மாதிரி, இடது பக்கம் கொஞ்சம் தூக்கி" என்றார்கள். அது வீரத்தின் அடையாளம் என்று ஒருவர் சொன்னார். பழைய பிரபுக் குடும்பங்களின் ரத்தத்திலேயே வருவது என்று இன்னொருவர் சொன்னார். எடெல்கா தெருவில் போகும்போது எதிரே வரும் ஒவ்வொருவரும் அவளுடைய சொந்த முகத்தோடு வந்து குனிந்து, "கையை முத்தமிடுறேன் அம்மணி" என்று முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் கொர்னெல். அவன் எதிர்ப்புறம் திரும்பி இருமிக்கொள்வான்.

அவளை ஓட்டுரிமைப் பக்கம் தள்ளியதும் ஓர் இருமல்தான். 1910 தேர்தலில் இரண்டு வேட்பாளர்களுக்கும் சுவரொட்டி வரைந்தவள் அவளே. அவர்கள் பேச்சு முழுவதையும் படித்திருந்தாள். எந்தப் பக்கத்தில் எந்தப் பொய் என்றுகூடச் சொல்வாள். அவளுக்கு ஓட்டில்லை. அதற்குள் லத்தீன் ஆசிரியராகிவிட்ட கொர்னெலுக்கு உண்டு. அந்தக் காலத்தில் ஓட்டு என்பது அதிகாரிகள் முன்னால் நின்று வாய்விட்டுப் பெயர் சொல்வது. கொர்னெல் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"யாருக்குடா போட்ட?"

"பின்னாடி தலைமையாசிரியர் நின்னாரு, அக்கா. ரெண்டு பேரையும் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவர் இருமினார். அப்ப எந்தப் பேர் ஓடிச்சோ அதைச் சொல்லிட்டேன்."

"எந்தப் பேரு?"

"சரியா ஞாபகமில்ல. நல்ல சத்தமான இருமல்."

அன்று மாலையே எடெல்கா பள்ளி ஆசிரியை பால்மாவின் வீட்டுக்குப் போனாள். பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத்தின் திஸாஹலோம் கிளை அங்கேதான் கூடும். உறுப்பினர்கள் ஏழு பேர். பூனையையும் சேர்த்து எட்டு என்று தலைமைச் சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

மூன்று வருஷம் அவள் துண்டுப் பிரசுரங்களுக்குப் படம் போட்டாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1913 வந்தது. ஜூன் மாதம் புதாபெஸ்டில் உலக நாடுகளின் பெண்கள் ஓட்டுரிமை மாநாடு. கிளைக்கு ஒரு சுவரொட்டி அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. எடெல்கா ஒரே மூச்சில் வரைந்தாள். வெளிநாடுகளில் இருப்பது போல, ஒரு பெண் கையில் ஓட்டுச் சீட்டோடு பெட்டியை நோக்கிக் கை நீட்டுகிறாள். ஒரு கனவான் மிகுந்த மரியாதையோடு குனிந்து அந்தக் கையை முத்தமிடுகிறார். முத்தமிடும் சாக்கில் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார். கை பெட்டியை எட்டவில்லை. அடியில் ஒரே வரி: "இந்த மரியாதை போதும்."

கனவானின் முகத்துக்கு எங்கே போவாள்? கோட், தக்கை, கண்ணாடி. இடது முனை ஒரு கோதுமை மணி மேலே. பழக்க தோஷம்.

மாநாட்டுக்கு அனுப்புமுன் நாற்பது பிரதிகள் கல்லச்சில் போட்டு, ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் பால்மாவும் அவளும் பசைவாளியோடு போய்க் கோயில் தெரு முழுக்க ஒட்டினார்கள். பூசை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் மனைவியோடு நடை போடும் நேரம் அது. மாவட்டத் தலைமைச் செயலர் கெட்ஸர் தஸிலோ, சுவரொட்டிக்கு முன்னால் வந்ததும் இடிவிழுந்தவர் போல நின்றார்.

"அட, உங்கள மாதிரியே இருக்குங்க!" என்றாள் அவர் மனைவி, ரொம்பச் சந்தோஷமாக.

"வாயை மூடு."

"இடது பக்கம் பாருங்களேன், அப்படியே உரிச்சு வச்ச மாதிரி."

"வாயை மூடுன்னேன்!"

அதே பேச்சு அன்று திஸாஹலோமில் பதினோரு தம்பதிகளுக்குள் நடந்தது. பதினோரு கனவான்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக் கண்ணாடி பார்த்தார்கள். பதினோரு பேருக்கும் சந்தேகமே இல்லை: படத்தில் இருப்பது நான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எடெல்கா வீட்டுக் கதவைத் தட்டி, வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு குதிரைப்படை அதிகாரிகள் வந்தார்கள். தஸிலோ அனுப்பிய சாட்சிக்காரர்கள், வாள்சண்டைக்கு நாள் குறிக்க வந்தவர்கள். முதலில் முறைப்படி கையை முத்தமிட்டார்கள்.

"வீட்டுல ஆம்பளை யாராவது இருக்காங்களா அம்மணி?" என்றார் மூத்தவர்.

"என்ன விஷயம்?"

"மானப் பிரச்சினை. நீங்க பயப்பட வேண்டாம். உங்களுக்கு இதுல சம்பந்தமே கிடையாது."

"படம் வரைஞ்சது நான்."

"அதேதான். வரைஞ்சது நீங்கங்கறதால உங்களுக்குச் சம்பந்தமில்ல. சம்பந்தப்பட்ட ஆம்பளை யாருன்னுதான் கேக்கறோம்."

எடெல்கா பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் கம்பளித் துணியும் கையில் வெந்நீர்க் கோப்பையுமாகக் கொர்னெல் உள்ளிருந்து வந்தான். அதிகாரிகள் குதிகாலைத் தட்டி நிமிர்ந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. குதிரைப்படைக் கொட்டகையில. ஆயுதம் வாள். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"நான் லத்தீன் வாத்தியாருங்க" என்றான் கொர்னெல்.

"எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

தப்பிக்க ஒரு வழியையும் பெருந்தன்மையோடு சொன்னார்கள். எடெல்கா ஊர்ப் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுவரொட்டியைக் கொளுத்த வேண்டும். அச்சுக்கல்லைத் தேய்த்துவிட வேண்டும். சங்கத்திலிருந்து விலக வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அடுத்த ஜோடி சாட்சிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். தீயணைப்புப் படைத் தலைவர் அனுப்பியவர்கள். அதற்குப் பிறகு நிலவரித் துறைக்காரருடைய ஆட்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு ஜோடி. கசகசா ரொட்டியை எடெல்கா மெல்லிசாக, மேலும் மெல்லிசாக வெட்டி வைத்தாள். கடைசி ஜோடிக்குத் தட்டின் பூ வேலைப்பாடு மட்டும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை கொர்னெல் உயில் எழுதினான். தன் லத்தீன் அகராதியை அக்காவுக்கு வைத்தான். அக்காவுக்கு லத்தீன் தெரியாது. அவனுக்கு வேறு சொத்து கிடையாது. எடெல்கா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் பால்மா வந்தாள். கடிதத்தைப் படித்தாள். மூன்று வருஷம் கூட்டத்தில் ஒருவரையும் பேச விடாத பால்மா, அதை மறுபடி எடெல்காவின் முன்னால் வைத்தாள்.

"எழுதுடி" என்றாள் கடைசியில். "சங்கத்துக்கு வேற படம் கிடைக்கும். உனக்கு வேற தம்பி கிடைக்க மாட்டான்."

"கையெழுத்துப் போடாதக்கா" என்றான் கொர்னெல் மூலையிலிருந்து.

"உனக்கு வாளை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமாடா?"

"தெரியாது. ஆனா இத்தனை வருஷம் எவனாவது இருமினா அதைக் கேட்டுத்தான் எல்லாத்தையும் செஞ்சிருக்கேன். இது ஒண்ணையாவது இருமல் இல்லாம செய்யறேன்."

சொல்லிவிட்டு உடனே இருமினான். அது வெறும் சளி.

எடெல்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: உண்மை. படத்தில் இருப்பது யாரென்று சொல்லிவிட்டால் பதினோரு பேரின் மானமும் அந்தரத்தில் நின்றுவிடும். ஆனால் டப்பாவில் இருப்பதும் அதே முகம் என்பது அடுத்த கணமே தெரியும். மதுலா அவளை வாசலிலேயே நிறுத்துவார். வீட்டில் ரொட்டி வெந்ததில் பாதிக்கு மேல் அவருக்கு வருஷா வருஷம் வரைந்த டப்பா, விளம்பரப் படங்களிலிருந்துதான். அப்பாவின் கோட்டைப் போட்டு மீசை வைத்துக்கொண்ட பெண்ணுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? மன்னிப்புக் கேட்டால் படம் போகும். கேட்காவிட்டால் தம்பி போவான். உண்மையைச் சொன்னால் ரொட்டி போகும்.

இதற்கிடையில் பதினோரு பேருக்குள்ளேயே தகராறு கிளம்பியிருந்தது. வாள்சண்டை விதிகளின்படி அவமானப்பட்டவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். முகம் என்னுடையது, மற்றவர்கள் டிக்கெட் இல்லாமல் ஏறப் பார்க்கிறார்கள் என்றார் தஸிலோ. மாவட்டம் முழுக்கத் தெரிந்த முகம் தன்னுடையதுதான், தீ பிடித்த இடமெல்லாம் அது போயிருக்கிறது என்றார் தீயணைப்புத் தலைவர். புதன்கிழமை கனவான்கள் கழகத்தில் மானப் பஞ்சாயத்து கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற கர்னல் வெரெஷ். மெழுகு பட்டால் முகம் தடித்துப்போகும் என்பதால் மழுங்கச் சிரைத்தவர், ஆகவே நடுநிலையானவர். அவர் ஓட்டெடுப்பு நடத்தினார். ஒவ்வொருவரும் தனக்குத் தானே போட்டுக்கொண்டார். ஆளுக்கு ஒன்று. இரண்டாவது முறையும் நடத்தினார். ஆளுக்கு ஒன்று.

"இது ஆவறதில்ல" என்றார் கர்னல். "வரைஞ்சவளைக் கூப்பிடுங்க. அவ யாரைச் சொல்றாளோ அவருதான்."

கழகத்துக்குள் பெண்கள் வரலாம்: நடன விழா அன்று அலங்கரித்துக்கொண்டு, மற்ற நாட்களில் பாத்திரம் தேய்க்க. வாசற்காரர் எடெல்காவைச் சமையற்கட்டு வழியாக வரச் சொன்னார்.

"அவசரமா கூப்பிட்டது அவங்க" என்றாள் எடெல்கா. "முன்வாசல் திறக்கற வரைக்கும் நான் இந்தப் படியில உக்காந்திருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்கு. ஒரு அம்மணி நனையறதைப் பாத்துக்கிட்டிருந்தார்னு உங்க மேலயும் மானப் பிரச்சினை வரும்."

முன்வாசல் திறந்தது.

உள்ளே பெரிய கூடத்தில் சுவரொட்டியை நாற்காலியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பதினோரு பேர் வரிசையாக. பதினோரு இடது முனைகள், ஒரே உயரத்தில். மூலையில் கொர்னெல், தூக்குமேடையைப் பார்த்துவிட்டு வந்தவன் முகத்தோடு. எடெல்கா அவனைப் பார்த்தாள். ஆறு வயதில் அம்மை கண்டு படுத்திருந்தபோதும் இதே முகம்தான். அப்போதும் ஒன்றுமே கேட்க மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்க மாட்டான்.

"அம்மணி" என்றார் கர்னல், "இதுல இருக்கறது இவங்கள்ல யாரு? உங்க ஒரு வார்த்தையில முடிஞ்சுடும்."

"பதினோரு ஆம்பளைங்க ரெண்டு தடவை ஓட்டுப் போட்டும் முடியாதது, என் ஒரு ஓட்டுல முடியுமா?"

"இது ஓட்டு இல்ல அம்மணி" என்றார் தஸிலோ அவசரமாக. "சாட்சி."

"அப்படின்னா பொம்பளை சாட்சி செல்லும்னு முதல்ல குறிப்புல எழுதுங்க. என்ன சொன்னாலும் ஏத்துக்கறோம்னு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தன் பெயர் வரும் என்ற நம்பிக்கை. ஊரிலேயே பெரிய முட்டாள் யார் என்ற போட்டியில் முதல் பரிசுக்கு இவ்வளவு அடிதடி அதற்கு முன் நடந்ததில்லை.

எடெல்கா பையைத் திறந்தாள். கையகலக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கர்னலிடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் பிடிங்க. நேரா வேணாம். இப்படிச் சாய்ச்சு."

கருக்கிய தக்கையை எடுத்தாள். இரண்டே இழுப்பு. பையிலிருந்த அப்பாவின் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரொட்டிக்குப் பக்கத்தில் போய் அந்தக் கனவானைப் போலவே குனிந்து நின்றாள்.

கர்னல் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தீயணைப்புத் தலைவரின் சட்டைப்பையிலிருந்து வல்லூறு மார்க் டப்பாவை உருவி அதையும் பார்த்தார்.

"இதுவுமா?"

"அதுவும்தான். ஏழு வருஷமா. ஊர்ல யாரை உக்காரச் சொன்னாலும் மறுநாளே சீர்வரிசை பேச வந்துடறாங்க, நான் என்ன பண்றது?"

கர்னல் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நிலவரித் துறைக்காரரின் கை மட்டும் தானாக உயர்ந்து, வாயை மறைத்துக்கொண்டது.

தீர்ப்பு இரண்டு வரி. அவமானப்பட்டவரும் அவமானப்படுத்தியவரும் ஒரே ஆள். தன்னோடு தானே வாள்சண்டை போட விதிகளில் இடமில்லை. கொர்னெல் அங்கேயே மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்துப் பிளம் சாராயம் கொடுத்தவர்கள், வெள்ளிக்கிழமை வெட்டுப்பட அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்த அதே அதிகாரிகள்.

அடுத்த ஞாயிறு பூசையில் பதினோரு புது மேலுதடுகள், வெயில் படாத இடம் போல வெளிறி, வரிசையாக உட்கார்ந்திருந்தன. மற்ற மீசைக்காரர்களும் ஒரு வாரத்துக்குள் சிரைத்துவிட்டார்கள். மதுலா வீடு தேடி வந்து சத்தம் போட்டார்.

"என் தொழில்லயே மண்ணைப் போட்டியே! மீசையில்லாத ஊர்ல மீசை மெழுகை எவன்கிட்ட விக்கறது?"

"சவரச் சோப்பு போடுங்க. படம் வரைஞ்சு தரேன்."

"உன் மூஞ்சியை இனிமே என் கடைப் பக்கம் காட்டாத!"

அவர் சவரச் சோப்பு போட்டார். படத்தை வேறு ஆளிடம் வாங்கினார். எடெல்கா பயந்தது பயந்தபடியே நடந்தது. விதைப் பொட்டலங்களுக்கு முட்டைக்கோஸ் வரைந்தாள். பொத்தான் கம்பெனிக் கையேட்டுக்கு நானூறு பொத்தான்களை ஒவ்வொன்றாக வரைந்தாள். வெண்ணெய் தடவாத ரொட்டிக்கு இரண்டு பேரும் பழகிக்கொண்டார்கள். மாநாட்டில் அவளுடைய சுவரொட்டியைத் தொப்பி மாட்டும் அறைக்குப் போகும் வழியில் தொங்கவிட்டிருந்தார்கள். பால்மா அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே மூன்று நாள் காவல் நின்று, பக்கத்தில் வந்த வெளிநாட்டுப் பெண்களிடமெல்லாம் சைகையிலேயே கதையைச் சொன்னாளாம்.

ஓர் அக்கா தன் பிழைப்பைக் கொடுத்து வெள்ளிக்கிழமையிலிருந்து மீட்ட அந்தத் தம்பியை, இரண்டு வருஷம் கழித்து ராஜ்யம் போருக்குக் கேட்டது. இந்தத் தடவை வெள்ளைக் கையுறை கிடையாது. பஞ்சாயத்து கூடவில்லை, அவமானப்பட்டவர் யாரென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒரு தாள் வந்தது, மூக்குக்கண்ணாடி போட்ட லத்தீன் வாத்தியாரைக் கூட்டிப்போனார்கள். அந்தப் போருக்கு யார் கை தூக்கினார்கள் என்று எடெல்கா பத்திரிகையில் தேடினாள். எல்லாம் ஓட்டுள்ள கைகள். 1915 இலையுதிர் காலத்தில் அவனுடைய மூக்குக்கண்ணாடி மட்டும் தபாலில் வந்தது. அதோடு படைத் தளபதியின் அச்சடித்த கடிதம் ஒன்று. முடிவில் அச்சிலேயே, "தங்கள் கையை முத்தமிடுகிறேன்" என்று இருந்தது.

அகராதி அவளுக்கு வந்துவிட்டது. உயில் செல்லும்.

1920இல், போர் தோற்று, ராஜா போய், ஆட்சிகள் மூன்று புரண்ட பிறகு, யாருக்கோ ஞாபகம் வந்து பெண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தார்கள். இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், சீட்டு, பெட்டி. வாக்குச்சாவடி அதே கனவான்கள் கழகத்தில். பால்மா முதல் ஆளாக வந்து, ஓட்டுப் போட்டுவிட்டுப் போகாமல் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எடெல்காவுக்கு முப்பத்தேழு வயது. முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். அப்பாவின் கறுப்புக் கோட்டை அளவு குறைத்துத் தைத்துப் போட்டிருந்தாள். அதன் பையில் கொர்னெலின் மூக்குக்கண்ணாடி.

பெட்டிக்குப் பக்கத்தில் தேர்தல் அதிகாரியாக நின்றவர் தஸிலோ. மீசையை மறுபடி வளர்த்திருந்தார், இரண்டு முனைகளையும் அளவுகோல் வைத்தது போலச் சமமாக. அவளைப் பார்த்ததும் காது சிவந்தது. ஆனால் பழக்கம் விடுமா? குனிந்து, "கையை முத்தமிடுறேன் அம்மணி" என்று கை நீட்டினார்.

எடெல்கா தன் கையைக் கொடுத்தாள். முத்தமிடக் குனிந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"இடது கையைக் கொடுத்திருக்கீங்களே அம்மணி. முறை வலது கைதானே?"

"இதையே வச்சுக்குங்க" என்றாள் எடெல்கா. "வலது கைக்கு வேலை இருக்கு."